முன்னோட்டத்தில் மட்டும் பச்சை

நெய்வேலி நகரியத்தில் வழி தவறிப் போவதற்குத் தனித் திறமை வேண்டும், மேடம். பிளாக்குக்கு எண் உண்டு, வீட்டுக்கு எண் உண்டு, தெருவெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கும். அப்படியும், இங்கேயே பிறந்து வளர்ந்த நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பால் வாங்கப் போய் வேறு பிளாக்கில் நின்று விழிப்பேன். அப்படிப்பட்டவன் கையில்தான் வரைபடத்தைக் கொடுத்தார்கள்.

பெயர் சிலம்பரசன். வயது முப்பத்தொன்பது. வரைகோல் கன்சல்டன்ஸி என்ற சின்ன நிறுவனத்தில் இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். காண்ட்ராக்ட்தான், பதினோரு வருடமாக. நேற்று விசாரணையில் மீதியை வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன் என்றதற்குக் காரணம், பேசினால் நடுவில் எனக்கு ஜோக் வந்துவிடும். இறந்த ஒருவரைப் பற்றிப் பேசும்போது அது நன்றாக இருக்காது. எழுதினாலும் வரத்தான் செய்கிறது என்று இப்போது தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார் சடையப்பன் தன் வீட்டுச் சுவர் விழுந்து எப்படி இறந்தார் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். அதை மட்டும் தனியாக எடுத்துச் சொல்ல வரவில்லை. புள்ளி வைத்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

வாய்க்கால்மேட்டில் நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத்தின் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். பக்கத்தில் ஓடும் வடிகால் வாய்க்காலை அகலப்படுத்தும் திட்டம் வந்தது. எந்தெந்த வீடு குறுக்கே நிற்கிறது, அது என்ன மாதிரி வீடு என்று கணக்கெடுத்து ஓர் இணையதளத்தில் போடும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம், வரைபடத்தில் ஒரு புள்ளி. திட்ட அலுவலகம் அந்தத் தளத்தைப் பார்த்துத்தான் மேற்கொண்டு எதையும் செய்யும்.

இதற்கு மூன்று கருவிகள் எடுத்துக்கொண்டேன். மூன்றும் திறந்த மூலம். ஊர் பேர் தெரியாத நல்லவர்கள் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்தவை. ஒன்று, அடியில் விரிக்கிற வரைபடம். இன்னொன்று, செல்போனில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளும் படிவம். மூன்றாவது, குறித்ததை வரைபடத்தின் மேல் கலர் புள்ளியாக வைப்பது. இந்த மூன்றையும் தளத்தை நடத்தும் மென்பொருளுக்குள் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். மூன்று சம்பந்தி வீட்டாரை ஒரே பந்தியில் உட்கார வைப்பதைப் போன்றது. ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் புரியாது; நடுவில் நான் ஓடிக்கொண்டிருப்பேன்.

முதல் சோதனையில், படிவம் அட்சரேகையை முன்னால் தந்தது. புள்ளி வைக்கும் கருவியோ தீர்க்கரேகையை முன்னால் எதிர்பார்த்தது. வாய்க்கால்மேட்டில் நான் சோதனைக்காக வைத்த புள்ளிகள் எல்லாம் வட துருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடல் ஓரமாகப் போய் விழுந்தன. ஏப்ரல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த மக்களுக்கு என்னால் கொஞ்சம் குளிர் கிடைத்தது அந்த ஒரு மத்தியானம்தான். பிறகு திருத்தி, திரும்ப அழைத்து வந்துவிட்டேன்.

படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: வீட்டு வகை. திட்ட அலுவலகம் தந்த தாளில் 'நிரந்தரக் கட்டடம்', 'தற்காலிகக் கூரை' என்று இருந்தது. இந்த ஆபீஸ் தமிழ் யாருக்குப் புரியும் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. நானே மாற்றி 'பெர்மனென்ட்', 'டெம்ப்ரவரி' என்று போட்டேன். ஜனங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று நினைத்துச் செய்தது. இந்த விவகாரத்தில் நான் செய்த முதல் நல்ல காரியம் அது.

நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன். இந்த ஊரில் ஒருவரைப் பார்த்து 'பெர்மனென்ட்டா?' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் பார்க்கப் போனால் பெண் வீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். என் மாமனார் கேட்டார். நான் 'ஆகிவிடும்' என்றேன். என் மனைவி இசைப்பிரியா அந்த 'விடும்'ஐ இன்னும் மறக்கவில்லை.

முதல் நாள் கணக்கெடுக்க நானும் செந்தாமரையும் போனோம். செந்தாமரை எங்கள் களப்பணியாளர். திருவதிகைப் பெண், புவியியல் படித்தவள். அவள் வீட்டின் வாசலில் நின்று இடத்தைக் குறிப்பாள், போட்டோ எடுப்பாள். நான் கேள்வி கேட்பேன். முதல் வீட்டில் பழனிசாமி என்பவர் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார்.

"பெர்மனென்ட்டா, டெம்ப்ரவரியாங்க?" என்றேன்.

"அடுத்த வருசம் பண்றேன்னு சொல்லிக்கினு இருக்காங்க சார்," என்றார். "பத்தொம்பது வருசமா அந்த அடுத்த வருசம் வந்துக்கினே இருக்குது. டெம்ப்ரவரின்னே போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். இரண்டாவது வீட்டில் ஒரு பெண்மணி, "எங்க வூட்டுக்காரருக்கு அந்த யோகம் ஏதுங்க," என்றார். மூன்றாவது வீட்டில் பன்னிரண்டு வருடத்துக் கேட் பாஸ்களை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வந்து காட்டினார்கள். நான்காவது, சடையப்பன் வீடு.

சடையப்பனை எனக்கு முன்பே தெரியும். நகரியத்து குவார்ட்டர்ஸ்களில் ஒழுகும் கூரைகளைப் பூசும் காண்ட்ராக்ட் கொத்தனார். ஷிப்ட் முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் என்னுடைய வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நகரியத்து நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே அபிராமி நகரில் எனக்கு ஒரு மனை உண்டு. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

"அட, நம்ம சார்," என்றார். அவர் மனைவி கலியம்மாள் மோர் கொண்டுவந்தார். நான் கேள்வியைக் கேட்டேன்.

"இன்னா சார், தெரியாதமேரி கேக்குற," என்று சடையப்பன் சிரித்தார். "பெர்மனென்டு ஆனா நான் ஏன் உன் வூட்டுக்கு வந்து கல்லு சொமக்கறேன்? மேஸ்திரி வச்சு எனக்கே ஒண்ணு கட்டிக்கினு காலாட்டிக்கினு இருக்க மாட்டனா?"

மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே கான்கிரீட் கூரை. சுவரெல்லாம் நிலக்கரிச் சாம்பலில் செய்த கல், ஈரமில்லாமல், நூல் பிடித்தது மாதிரி. இந்தப் பக்கத்தில் கான்கிரீட் கூரையை மெத்தை என்பார்கள். அது மெத்தை வீடு. பதினோரு வருடமாக, கையில் காசு கிடைத்தபோதெல்லாம் ஒரு வரிசை என்று அவரே கட்டியது. நான் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன், இவர்கள் வேலையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

நேற்று உங்களிடம், கணக்கெடுப்பு முடியும்வரை எனக்கு அது புரியவில்லை என்று சொன்னேன். நான்காவது வீட்டிலேயே புரிந்துவிட்டது. திருத்திக்கொள்ளுங்கள்.

புரிந்தும் ஏன் நிறுத்தவில்லை என்றால், வெயில். இன்னும் முப்பத்தேழு வீடுகள் இருந்தன. அதற்குள் எங்களுக்கு முன்னாலேயே ஒரு வதந்தி ஓடிப்போயிருந்தது: காண்ட்ராக்ட் ஆட்களைப் பெர்மனென்ட் பண்ண லிஸ்ட் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று. ஒவ்வொரு வாசலிலும் குடும்பமே நின்றது. டெம்ப்ரவரி, டெம்ப்ரவரி என்று எங்களுக்கு முந்திச் சொன்னார்கள். கடைசி வீட்டில் டீக்கடை ராஜாங்கம். அவர் எந்தக் காண்ட்ராக்டிலும் இல்லை. "எனக்கும் டெம்ப்ரவரின்னு எழுது சார், உனக்குப் புண்ணியமா போவும்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். இல்லைங்க, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று அந்த முகங்களைப் பார்த்து எப்படிச் சொல்வது? என் குறையே அதுதான், மேடம். எனக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது.

ஆபீசுக்குப் போய் போட்டோக்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அது உண்மை.

நாற்பத்தொரு புள்ளிகளும் ஆரஞ்சு நிறத்தில் வரைபடத்தில் ஏறின. நிறத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது என்றும் நேற்று சொல்லியிருந்தேன். ஓரத்தில் இருக்கும் நிற விளக்கத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான். 'பச்சை: நிரந்தரக் கட்டடம். மாற்று மனை வழங்கிய பிறகே அகற்றப்படும். ஆரஞ்சு: தற்காலிகக் கூரை. ஏழு நாள் அறிவிப்பு.' திட்ட அலுவலகம் அனுப்பியதில் 'அகற்ற' என்பதற்குச் சின்ன ர போட்டிருந்தார்கள். பெரிய ற போட்டுத் திருத்தினேன். தமிழில் பிழை இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அடுத்த வாரம் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் ஒரு கோப்பும் வந்தன. கடிதம் தளத்தில் போடுவதற்கு. இப்போதைய பாதையில் பச்சை வீடுகள் இருபதோ அதற்கு மேலோ இருந்தால், மாற்றுப் பாதையைப் பரிசீலிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கோப்பு, அந்த மாற்றுப் பாதையின் கோடு. வரைபடத்தில் ஏற்றினேன். நீல நிறத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு வாய்க்கால்மேட்டை விட்டு விலகி, காலி நிலத்தில் வளைந்து, அபிராமி நகருக்குள் நுழைந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கினேன். அது என் சமையலறை வழியாகப் போனது. சிங்க் வரப்போகும் மூலைக்கு ஓரடி தள்ளி.

என் அப்பா ஜெயராமன் பெர்மனென்ட். முப்பத்திரண்டு வருட சர்வீஸ். நாங்கள் ஒரே குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அவர் ரிட்டயர் ஆனபோது சாவியை ஒப்படைத்துவிட்டு ஒரு மினி லாரியில் கிளம்பினோம். ஒப்படைப்புத் தாளில் பல்புகளின் எண்ணிக்கை, குழாய்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். வாடகை வீட்டில் அவர் நான்கு வருடம் இருந்தார். நடுராத்திரியில் எழுந்து, பழைய வீட்டில் கழிவறை இருந்த திசையில் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வார். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். அந்தச் சுவர் முன்னால்தான் நான் முடிவு செய்தேன்: வேலை பெர்மனென்ட் ஆகாவிட்டாலும் போகட்டும், சுவராவது ஆகட்டும். இதை நியாயம் கற்பிக்கச் சொல்லவில்லை. சமையலறையைப் பார்த்ததும் என் கை ஏன் நின்றது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை. திருத்த நினைத்திருந்ததைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். நீலக் கோட்டை மட்டும், யாராவது தேடிச் சொடுக்கினால்தான் தெரியும்படி மறைத்து வைத்தேன். வரைபடம் பார்க்க நெரிசலாக இருந்தது.

செந்தாமரை ஒரு நாள் சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள்.

"சார், நீங்க கேட்டது வூட்டப் பத்தி. அவங்க சொன்னது வேலையப் பத்தி," என்றாள். "போட்டோ எல்லாத்தையும் பாத்ததும் சந்தேகம் வந்துச்சு. நேத்தும் இன்னிக்குமா மறுபடி ஒவ்வொரு வூடாப் போயிட்டு வந்துட்டேன். முப்பத்திமூணு வூடு மெத்தை வூடு சார்."

"இந்த வெயில்ல ஏம்மா அலஞ்சே?"

"இன்னா சார் பண்றது? நம்மளாலதான தப்பாச்சு." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த ஜனங்க என்னப் பாத்ததும் 'பெர்மனென்டு ஆர்டர் வந்துடுச்சா'ன்னு கேக்குறாங்க சார். எனக்கு மூஞ்ச எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல."

அவளே தளத்தில் உட்கார்ந்து முப்பத்துமூன்று வீடுகளையும் பச்சையாக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். நல்ல பெண். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். செல்போன் படிவத்தில் இருந்த பழைய பட்டியலைத் தளத்துக்குள் மீண்டும் இறக்கும் பொத்தான். 'ஏற்கெனவே உள்ள பதிவுகள் மாறிவிடும். சம்மதமா?' என்று மென்பொருள் கேட்டது. எனக்குத்தான் இல்லை என்று சொல்ல வராதே. முப்பத்துமூன்றும் மறுபடி ஆரஞ்சு ஆயின.

"சார், எல்லாம் பழயபடி ஆயிருக்கே," என்று செந்தாமரை பதறினாள்.

"சிஸ்டம் தானா எடுத்துக்கிச்சு போலம்மா. நான் பாக்குறேன்."

சிஸ்டம் தானாக எதையும் எடுக்காது. உங்கள் மேசையில் இருக்கும் திருத்த வரலாற்றில் என் பயனர் பெயரும் நேரமும் இருக்கும். இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த அம்சமே அதுதான். யார் எதை எப்போது மாற்றினாலும் குறித்து வைத்துக்கொள்ளும். அதை நிறுவி, ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மூன்று முறை சோதித்தவனும் நானே. தன் கழுத்துக்கு அளவெடுத்துக் கொடுப்பவன் நல்ல தொழிலாளியாகத்தான் இருக்க வேண்டும்.

அதன் பிறகு, பாதுகாப்புக்காக, தளத்தைத் திருத்தும் அனுமதியைச் செந்தாமரையிடமிருந்து எடுத்தேன். நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரிகள் நிற்கும் இடங்களை வரைபடமாக்கும் ஒரு வேலை இருந்தது. அவளை அதற்கு அனுப்பச் சொல்லி முதலாளிக்கு எழுதினேன். 'கூர்மையான கவனம் உடையவர்' என்று பாராட்டியும் எழுதினேன். பொய் இல்லை.

ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை, வாய்க்கால்மேட்டில் நாற்பத்தொரு வீட்டுக்கும் ஏழு நாள் நோட்டீஸ் வந்தது. சாயங்காலம் சடையப்பன் அதை எடுத்துக்கொண்டு என் வீடு கட்டும் இடத்துக்கு வந்தார்.

"இத கொஞ்சம் படிச்சுச் சொல்லு சார். தமிழுதான், ஆனா ஒண்ணும் வெளங்கல."

படித்துச் சொன்னேன். ஏழு நாள் என்ற இடத்தைக் கொஞ்சம் வேகமாகப் படித்தேன். "பயப்படாதீங்க, இது எல்லாருக்கும் குடுக்கறதுதான்," என்றேன். எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள்.

"அந்த மேப்புல நம்ம வூடு இன்னா கலரு சார்?"

"பாத்துச் சொல்றேன்."

"பாத்து நல்ல கலரா போடு சார். உன் கையிலதான கீது பெயிண்டு டப்பா." நோட்டீசை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி, வெயாழக்கெழம மெத்த போட்டுறலாமா?"

வேண்டாம், நீங்கள் உங்கள் வீட்டைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவரே கேட்கும்போது என்ன செய்வது? சரி என்றேன். வியாழக்கிழமை ஆட்களோடு வந்து என் வீட்டுக்கு மெத்தை போட்டார். கடைசிச் சட்டி கான்கிரீட்டைத் தானே ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டு, மேலிருந்து என்னைப் பார்த்து, "மழ இன்னா, மாடு ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆவாது சார்," என்றார். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். இருபத்தொரு நாள் காயவிடக் கூடாது என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அவரிடமிருந்து போன். நான் அபிராமி நகரில், மாடிப்படியில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், பொக்லைன் வந்து நிக்குது. நம்ம வூடு ஆரஞ்சுன்றாங்க. மெத்த வூடு சார் நம்மளுது, உனக்குத் தெரியாதா? நீதான மேப்பு. மாத்திக் குடு சார்."

குரலில் கோபம் இல்லை. அவசரத்தில் ஒரு கூடை மணல் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். தளத்தில் எதை மாற்றினாலும் அது முதலில் வரைவாக இருக்கும். முன்னோட்டம் என்று ஒன்று உண்டு. மாற்றினால் எப்படி இருக்கும் என்று மாற்றியவர் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். கடையில் சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பதைப் போல. 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால்தான் ஊருக்குத் தெரியும், திட்ட அலுவலகத்துக்கும் தெரியும்.

சடையப்பன் வீட்டைத் திறந்தேன். வகையை பெர்மனென்ட் என்று மாற்றினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. முன்னோட்டத்தில் புள்ளி பச்சையாக, அழகாக இருந்தது. வெளியிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது இது தோன்றியது: இவர் ஒருவருடையது மாறியது தெரிந்தால், மீதி முப்பத்திரண்டு பேரும் போன் செய்வார்கள். ஒவ்வொருவரும் சார் என்பார்கள். என் சுபாவம் எனக்குத் தெரியும். ஒருவரிடமும் என்னால் மறுக்க முடியாது. இருபதாவது ஆளிடம் சரி என்று சொல்லும்போது நீலக் கோடு என் சமையலறைக்கு வந்துவிடும்.

அதே சமயம், போனில் காத்திருக்கும் மனிதரிடம் முடியாது என்றும் சொல்ல முடியவில்லை.

முன்னோட்டத்தைப் படம் பிடித்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "மாத்திட்டேன் சடையப்பன். பச்சையாயிடுச்சு பாருங்க. அவங்ககிட்ட காட்டுங்க. கம்ப்யூட்டர்ல ஏற கொஞ்ச நேரம் ஆவும், அதுவரைக்கும் வூட்ட விட்டு நகராதீங்க," என்றேன்.

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் நம்ப வேண்டும் என்பதற்காகச் சொல்லியிருப்பேன். நிஜமாகவே மாற்றியவன் அப்படித்தானே சொல்வான்.

"தெய்வம் சார் நீ," என்றார். போனை வைக்கப் போனவர் நிறுத்தி, "அங்கதான கீற? மெத்தைக்குத் தண்ணி கட்டிடு சார், நான் வர லேட்டாவும்," என்றார்.

கணினியை மூடிவிட்டு மேலே போனேன். குழாயைப் பிடித்துப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிரப்பினேன். ஒன்பது நாற்பதுக்கும் பத்து ஐந்துக்கும் அவர் போன் செய்திருக்கிறார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நேற்று சொன்னேன். போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டிருந்தது. தெரிந்தது.

பிறகு நடந்தது உங்களிடம் இருக்கிறது. அவர் வாசலில் நின்று போனில் இருந்த பச்சைப் புள்ளியை எல்லாரிடமும் காட்டினார். எங்கள் லிஸ்டில் ஆரஞ்சுதான் இருக்கிறது என்றார்கள் இடிக்க வந்தவர்கள். ஏறிவிடும், சார் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றார். அவர்கள் முதலில் பக்கத்து வீடுகளை இடித்தார்கள். கலியம்மாளைப் பாத்திரங்களோடு சாலைக்கு அனுப்பிவிட்டு இவர் உள்ளே போய்ப் பின்னறையில் உட்கார்ந்துகொண்டார். பொக்லைன் ஓட்டுநர் தனகோடி வாய்க்கால் பக்கத்திலிருந்து, பின்சுவரிலிருந்து தொடங்கினார். வீடு காலி என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

பதினொன்றரைக்குப் பழனிசாமி போன் செய்து சொன்னார். நான் குழாயை நிறுத்தினேன். கீழே இறங்கிக் கணினியைத் திறந்தேன். வரைவு அப்படியே காத்துக்கொண்டிருந்தது. பதினொன்று நாற்பதுக்கு 'வெளியிடு' என்பதை அழுத்தினேன். ஒரு வீடு பச்சையானால் கணக்கில் ஒன்றுதான். ஒன்றால் எதுவும் மாறாது.

சாவுக்குப் போனேன். கலியம்மாள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, கூடி நின்றவர்களிடம் சொன்னார்: "இந்த சாரு மாத்திக் குடுத்துட்டாரு. போன்ல கீது பாருங்க. அந்தப் பாவிதான் பாக்காம ஏத்திட்டான்." போனின் திரை கீறியிருந்தது. புள்ளி தெரிந்தது. உங்களிடமும் அவர் அதையேதான் சொல்லியிருக்கிறார். அதன் பேரில்தான் தனகோடி உள்ளே இருக்கிறார். அந்த அம்மாள் அப்படி நம்பும்போது, அந்த நேரத்தில் போய் அதை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு நாள் வரவில்லை. தனகோடிக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே: வீடுகள் தவறாகப் பதிவாகின்றன என்று எனக்கு நான்காவது வீட்டிலிருந்தே தெரியும். செந்தாமரை திருத்தியதை அழித்தது நான். சடையப்பனுக்கு அனுப்பிய பச்சைப் புள்ளி அந்த நேரத்தில் என் கணினியைத் தவிர உலகத்தில் எங்கும் இல்லை என்று தெரிந்தே அனுப்பினேன். அவரை வீட்டுக்குள் இருக்கச் சொன்னது நான். பொக்லைன் ஓட்டியவர் மேல் குற்றம் இல்லை.

என் வீட்டு மெத்தையை இருபத்தொரு நாளும் காயவிடவில்லை. போன வாரம் முதல் மழை பெய்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

பச்சையாக இருந்ததால் கலியம்மாளுக்கு மாற்று மனைக்கான உத்தரவு வந்துவிட்டதாகப் பழனிசாமி சொன்னார். வாய்க்கால்மேட்டில் அது கிடைத்திருக்கும் ஒரே குடும்பம் அவர்களுடையது. மற்றதையெல்லாம் எழுதிக்கொள்ளும்போது, மேடம், அந்தப் பச்சையை வெளியிட்டவனும் நான்தான் என்பதை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.